பார்சலோனாவில் எந்த ஏரியாவில் வீடு பார்ப்பது?

கேள்வி இது: "சொந்த ஊர் கோயம்புத்தூர். வரும் செப்டம்பரில் கம்பெனி என்னை பார்சலோனாவுக்கு அனுப்புகிறது. கூடவே மனைவியும் நான்கு வயது மகளும். ஆபீஸ் பொப்ளநோவில், 22 அரோபா என்கிற பகுதியில். வாடகைக்கு மாதம் 1,500 யூரோ வரை தாங்கும். கடற்கரை ஓரமாக பார்சலோனெட்டாவில் எடு என்கிறார் ஒருவர். கிராசியாதான் அழகு என்கிறார் இன்னொருவர். எஷாம்ப்ளாவைத் தவிர வேறெங்கும் போகாதே என்கிறார் மூன்றாமவர். எங்கே பார்க்கலாம்? இங்கிருந்தே ஆன்லைனில் பேசி முடித்துவிடலாமா? நம் மளிகை சாமான் கிடைக்குமா என்று மனைவி கேட்கிறார்."

முதலில் நேரடியாகச் சொல்லிவிடுகிறேன். உங்கள் இடத்தில் நான் இருந்தால் க்ளோட், அதை ஒட்டிய காம்ப் த லார்ப்பா, கொஞ்சம் தள்ளி சந்த் அந்த்ரேவ், இந்த மூன்றில்தான் தேடுவேன். பொப்ளநோவில் நல்ல வீடு அமைந்தால் விடமாட்டேன், ஆனால் உங்கள் பட்ஜெட்டில் அமைவது கஷ்டம். பார்சலோனெட்டாவுக்கு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் காற்று வாங்கப் போவேன், அவ்வளவுதான். கோவையில் இருந்தபடியே வீட்டைப் பேசி முடிப்பதை மட்டும் செய்யவே வேண்டாம்.

உங்களுக்கு யோசனை சொன்ன மூன்று பேரும் பொய் சொல்லவில்லை. பார்சலோனெட்டா என்றவர் அநேகமாகத் தனியாக வந்து ஒரு வருடம் இருந்துவிட்டுப் போனவராக இருப்பார். குழந்தையோடு வருகிறவருக்கு இந்த ஊர் வேறு மாதிரி தெரியும்.

ஊரின் அமைப்பைக் கொஞ்சம் புரிந்துகொண்டால் மற்றது சுலபம். பார்சலோனாவில் 10 மாவட்டங்கள், அவற்றுக்குள் 73 பாரியோக்கள். பாரியோ என்பது நம் பேட்டை மாதிரி. இவற்றில் சில நிஜமாகவே தனி ஊர்களாக இருந்தவை. சிங்காநல்லூரைக் கோவை விழுங்கியது போல, கிராசியா, சன்ஸ், சந்த் மார்த்தி, சந்த் அந்த்ரேவ் எல்லாவற்றையும் பார்சலோனா 1897-ல் விழுங்கியது. சர்ரியா மட்டும் 1921 வரை தாக்குப்பிடித்தது. சந்த் அந்த்ரேவில் வயதானவர்கள் நகர மையத்துக்குக் கிளம்பும்போது இப்போதும் "பார்சலோனா போயிட்டு வரேன்" என்றுதான் சொல்வார்கள். மெட்ரோவில் இருபது நிமிடப் பயணம்தான்!

விழுங்கப்பட்ட ஊர்களுக்கு ஒரு நல்ல குணம் உண்டு. ஒரு கடைத்தெரு, ஒரு மார்க்கெட், ஒரு சர்ச், ஒரு சதுக்கம், இரண்டு மூன்று பள்ளிக்கூடங்கள், எல்லாம் பத்து நிமிட நடைக்குள் இருக்கும். சாயங்காலம் நாலரைக்குப் பள்ளிவிட்டதும் பாட்டிகள் அலுமினியத் தாளில் சுற்றிய ரொட்டியோடு வாசலில் நிற்பார்கள். அங்கிருந்து நேராகச் சதுக்கத்துக்குப் போய் ஏழு மணிவரை பிள்ளைகள் ஆடுவார்கள், பெரியவர்கள் பேசுவார்கள். உங்கள் மனைவிக்கு இந்த ஊரில் முதல் சிநேகிதி கிடைப்பதாக இருந்தால் அந்தச் சதுக்கத்து பெஞ்சில்தான் கிடைப்பார். சுற்றுலாப் பயணிகள் நிறைந்த தெருவில் அந்த பெஞ்சில் தினம் ஒரு புது முகம் உட்கார்ந்திருக்கும்.

இனி உங்கள் நண்பர்கள் சொன்ன இடங்கள். பார்சலோனெட்டாவை 1753-ல் கட்ட ஆரம்பித்தார்கள். மீனவர்களும் துறைமுகத் தொழிலாளர்களும் இருந்த பேட்டை. ஆரம்பத்தில் கட்டிய வீடுகளைப் பின்னால் நான்காக வகுந்தார்கள், அதற்குப் பெயரே கால் வீடு. சுமார் 35 சதுர மீட்டர், நம் கணக்கில் 375 சதுர அடி. மூன்று பேர், ஒரு சைக்கிள், கோடையில் ஊரிலிருந்து வரும் மாமியார், எல்லாரும் அதற்குள் எப்படி? ஜன்னலுக்கு எதிர் ஜன்னல் கை நீட்டினால் தொடும் தூரத்தில் இருக்கும். கோடை ராத்திரிகளில் கடற்கரையிலிருந்து திரும்பும் கூட்டம் அந்த ஜன்னலுக்குக் கீழேதான் பாடிக்கொண்டே போகும்.

பழைய நகரமும் அப்படித்தான். இதை நான் பட்டே தெரிந்துகொண்டேன். முதல் வீட்டை நானும் ஊரிலிருந்தே போட்டோ பார்த்து எடுத்தேன். கோத்திக் பகுதியில், கல் பாவிய சந்து, மரக்கதவு, பார்க்க சினிமா செட் மாதிரி. விளம்பரத்தில் "மூன்றாம் மாடி, லிஃப்ட் இல்லை" என்று போட்டிருந்தது. மூன்று மாடிதானே என்று இரண்டு பெட்டியோடும் ஒரு வெட் கிரைண்டரோடும் வந்து இறங்கினோம். கீழே கடை. அதற்கு மேல் தளத்துக்கு என்த்ரெசுவெலோ என்று பெயர். அதற்கும் மேலே பிரின்சிபால், அந்தக் காலத்தில் கட்டட முதலாளி குடியிருந்த தளம். அதற்கு அடுத்ததுதான் இவர்கள் கணக்கில் முதல் மாடி! கிரைண்டரைத் தோளில் வைத்துக்கொண்டு நான் ஏறியது ஐந்து மாடி. நான்காவது திருப்பத்தில் உட்கார்ந்துவிட்டேன். மேலேயிருந்து இறங்கி வந்த ஒரு கிழவர் கிரைண்டரைத் தொட்டுப் பார்த்து, என்ன மெஷின் இது, காப்பி அரைக்கவா என்று கேட்டார். கோவைக்காரரான நீங்களும் அதில்லாமல் வரப்போவதில்லை. ஆகவே விளம்பரத்தில் மாடி எண்ணைப் பார்த்ததும் "என்த்ரெசுவெலோ, பிரின்சிபால் இருக்கிறதா" என்று கேட்டுவிடுங்கள். பழைய கட்டடங்களில் பெரும்பாலும் இரண்டில் ஒன்றாவது இருக்கும்.

அந்த வீட்டில் ஐந்து மாதம் இருந்தோம். தூக்கத்தைக் கெடுத்தது பாட்டும் கூத்தும் இல்லை, சூட்கேஸ் சக்கரம். விடியற்காலை நாலு மணிக்கு விமானத்துக்குக் கிளம்பும் பயணி கல் பாவிய சந்தில் பெட்டியை இழுத்துக்கொண்டு போவான். கடகடவென்று அந்தச் சத்தம் தெருமுனை வரை போய்த் தேயும், அது முடிவதற்குள் அடுத்த பெட்டி. வீடு பார்க்கப் போகும்போது கட்டட வாசலில் ஜன்னல் கம்பியிலோ கேட்டிலோ எண் பூட்டுப் போட்ட சின்னச் சாவிப் பெட்டிகள் தொங்குகின்றனவா என்று பாருங்கள். தொங்கினால் உள்ளே சுற்றுலா வீடுகள் இருக்கின்றன என்று அர்த்தம். நகரில் உரிமம் பெற்ற 10,101 சுற்றுலா வீடுகளின் உரிமத்தை 2028 நவம்பருக்குப் பிறகு நீட்டிக்கப்போவதில்லை என்று மேயர் ஜாவுமே கொல்போனி 2024 ஜூனில் அறிவித்தார். அது நடக்கும்போது நடக்கட்டும், உங்களுக்கு இந்த செப்டம்பரில் தூங்க வேண்டும்.

எஷாம்ப்ளா விஷயம் வேறு, அது நல்ல இடம்தான். மதில் சுவரை இடித்த பிறகு இல்தெஃபோன்ஸ் செர்தா என்ற பொறியாளர் போட்ட திட்டம், 1859-ல் அங்கீகாரமானது. 113 மீட்டர் பக்கமுள்ள சதுரக் கட்டங்கள், ஒவ்வொன்றுக்கும் மூலை சீவப்பட்டிருக்கும். சாதாரணத் தெருவே 20 மீட்டர் அகலம். எல்லா வீட்டுக்கும் ஏதாவது ஒரு நேரம் வெயில் படவேண்டும் என்று அவர் கட்டங்களைத் திருப்பி வைத்தார். கட்டத்தின் மூலைகள் நாலு திசையைப் பார்க்கும், சுவர்களோ தென்கிழக்கு, வடமேற்கு என்று கோணத் திசைகளைப் பார்க்கும். ஆக, வாஸ்து பார்க்கிற பெரியவர்கள் வீட்டில் இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்: சீவிய மூலைக் கட்டடத்தில் அமைந்தால் உண்டு, மற்றபடி எஷாம்ப்ளாவில் நேர் கிழக்கு பார்த்த வாசல் கிடைப்பது அரிது. ஊர்க்காரர்களும் கிழக்கு மேற்கு என்று வழி சொல்வதில்லை. "மலைப் பக்கம்", "கடல் பக்கம்" என்பார்கள். குறுக்கே போனால் "பெசோஸ் பக்கம்", "யோப்ரெகாத் பக்கம்", ஊரின் இரு ஓரத்திலும் ஓடும் ஆறுகள் அவை. ஒரு வாரத்தில் பழகிவிடும். நான் வாங்கிய திசைகாட்டி ஆப்பை அதன் பிறகு திறக்கவே இல்லை.

எஷாம்ப்ளாவில் ஏமாறுகிற இடம் "இன்தெரியோர்" என்ற சொல். உட்புறம் பார்த்த வீடு என்று பொருள். ஆனால் எந்த உட்புறம்? கட்டத்தின் நடுவில் இருக்கும் பெரிய திறந்தவெளியைப் பார்த்த வீடு என்றால் அது யோகம்: வெளிச்சம், அமைதி, எதிரே துணி காயும் பால்கனிகள். அதையே இரண்டு கட்டடங்களுக்கு நடுவே காற்றுக்காக விட்ட கிணறு மாதிரியான குறுகிய இடைவெளியைப் பார்த்த வீட்டுக்கும் சொல்வார்கள். அங்கே நடுப்பகலிலும் லைட் போட வேண்டும், மூன்றாம் வீட்டுக்காரர் மீன் பொரித்தால் உங்கள் படுக்கையறையில் வாசனை வரும். தெருவைப் பார்த்த வீடு என்றாலும் எந்தத் தெரு என்று கேளுங்கள். அரகோ தெருவில் பஸ்ஸும் மோட்டார் சைக்கிளும் இரவு பகலாக ஓடும். அடுத்த இணைத் தெருவான கொன்சேல் த சென்ட்டில் 2023-ல் வண்டிப் போக்குவரத்தைக் குறைத்து மரம் நட்டு நடைபாதையாக மாற்றிவிட்டார்கள். நடுவில் ஒரே ஒரு கட்டம்தான், ஆனால் ஜன்னலைத் திறந்தால் இரண்டும் வேறு வேறு ஊர். அதனால்தான் ஏரியா பெயரை மட்டும் வைத்து நான் யாருக்கும் யோசனை சொல்வதில்லை. தெரு, மாடி, ஜன்னல் பார்க்கும் பக்கம், இந்த மூன்றும் தெரியாமல் வீடு நல்லதா கெட்டதா என்று சொல்ல முடியாது. உங்கள் 1,500 யூரோவுக்கு எஷாம்ப்ளாவில் கிடைப்பது பெரும்பாலும் அந்தக் கிணற்று வகைதான்.

சக்ராதா ஃபமிலியா கோவிலைச் சுற்றியிருக்கும் தெருக்களும் எஷாம்ப்ளாவில் அடங்கும். 1882-ல் கட்ட ஆரம்பித்த கோவில், அதைப் பார்க்க வரும் கூட்டம் குறைவதாக இல்லை. நான்கு கட்டம் தள்ளிப் போனால் பிரச்சினை இல்லை.

கிராசியா அழகுதான், மறுக்கவில்லை. சின்னத் தெருக்கள், சதுக்கங்கள், புத்தகக் கடைகள். சதுக்கத்தை ஒட்டி வீடு எடுத்தால் ராத்திரி ஒரு மணிவரை பேச்சுச் சத்தம். ஆகஸ்ட் நடுவில் ஒரு வாரம் திருவிழா, தெருத் தெருவாகப் பந்தல் போட்டு அலங்காரப் போட்டி நடக்கும். பார்க்க வாருங்கள். ஆனால் உங்கள் ஆபீசுக்கு அங்கிருந்து மெட்ரோவில் மாற வேண்டும் அல்லது சுற்றிக்கொண்டு போக வேண்டும், வீடுகளும் சின்னது.

பொப்ளநோ ஒரு காலத்தில் ஆலைப் பேட்டை, காத்தலோனியாவின் (பார்சலோனா இருக்கும் மாநிலம்) மான்செஸ்டர் என்று பெயர். கோவையையும் அதே பெயர் சொல்லித்தானே அழைத்தார்கள், உங்களுக்கு ஏதோ பூர்வஜென்ம பந்தம் போலிருக்கிறது. 2000-ல் 22 அரோபா திட்டம் வந்து, சுமார் 200 ஹெக்டேர் ஆலை நிலத்தைக் கம்பெனிகளுக்கும் வீடுகளுக்கும் திறந்துவிட்டது. ரம்ப்லா தெல் பொப்ளநோ என்ற நடைத்தெரு ஒன்று போதும், அந்த ஏரியாவைக் காதலிக்க. ஆனால் உங்களைப் போல ஆபீசுக்கு நடந்தே போக ஆசைப்படும் கம்ப்யூட்டர்காரர்கள் ஆயிரக்கணக்கில் வந்துவிட்டார்கள், வாடகையும் அவர்கள் சம்பளத்துக்குத் தக்கபடி ஏறிவிட்டது.

இப்போது க்ளோட். இதைப் பற்றி யாரும் உங்களிடம் பேசியிருக்க மாட்டார்கள், சுற்றுலாப் புத்தகத்திலும் இருக்காது. நல்லதாகப் போயிற்று. குளோரியஸ் சதுக்கத்தில் வெள்ளரிக்காய் மாதிரி நிற்கும் கோபுரம் தெரியுமல்லவா, அதற்கு மலைப் பக்கமாகவும் பெசோஸ் பக்கமாகவும் நடந்தால் வருவது. மெட்ரோவின் எல்1, எல்2 இரண்டும் நிற்கும். பக்கத்திலேயே எல் க்ளோட் அரகோ ரயில் நிலையம், அங்கிருந்து விமான நிலையத்துக்கு மாறாமல் போகும் ரயில் உண்டு. சொந்தமாக ஒரு மார்க்கெட், பழைய ரயில் பட்டறையின் செங்கல் சுவர்களை விட்டுவைத்து அமைத்த ஒரு பூங்கா. அந்தச் சுவர்களுக்கு நடுவில் பிள்ளைகள் ஓடிப்பிடித்து விளையாடுவார்கள். உங்கள் ஆபீசுக்கு நடந்தே பதினைந்து, இருபது நிமிடம். காம்ப் த லார்ப்பா அதற்கு மலைப் பக்கம், அதே குணம், கொஞ்சம் மேடு.

சந்த் அந்த்ரேவ் இன்னும் அமைதி. எல்1-ல் ஏறினால், உங்கள் ஆபீசுக்குப் பக்கமான குளோரியஸ் ஐந்தாவது நிறுத்தம். வழியில் சக்ரேரா பகுதியில் அதிவேக ரயில் நிலைய வேலை வருடக்கணக்காக நடக்கிறது. கிரேன் தெரியும் ஜன்னல் என்றால் தூசிக்கும் சத்தத்துக்கும் வாடகையைக் குறைத்துக் கேளுங்கள்.

இன்னும் மலிவாக வேண்டுமென்றால் நோவ் பாரிஸ் மாவட்டம் இருக்கிறது. அங்கே 1950 முதல் 70 வரை அவசரமாகக் கட்டிய கட்டடங்கள் அதிகம். 1990-ல் துரோ த லா பெய்ரா பகுதியில் ஒரு கட்டடம் இடிந்து ஒரு பெண் இறந்தார். அலுமினா சிமென்ட் காலப்போக்கில் வலுவிழந்ததுதான் காரணம். அதன் பிறகு நிறைய கட்டடங்களைச் சோதித்து, சிலதை இடித்துப் புதிதாகவும் கட்டினார்கள். அந்த வயதுக் கட்டடம் என்றால் ஆய்வுச் சான்று இருக்கிறதா என்று கேட்பதில் தப்பில்லை. எல் கார்மெல் பக்கம் மலிவு, ஆனால் தெருவிலேயே எஸ்கலேட்டர் வைக்கிற அளவுக்கு ஏற்றம். எஸ்கலேட்டர் பழுதான நாளில் தள்ளுவண்டியும் குழந்தையுமாக உங்கள் மனைவி என்ன செய்வார்?

ஏரியாவைவிட முக்கியமான ஒன்றுக்கு வருகிறேன். பத்ரோன். நகராட்சியில் "நான் இந்த முகவரியில் வசிக்கிறேன்" என்று பதிவு செய்வது. நம்ம ஊர் ரேஷன் கார்டு மாதிரி எல்லாவற்றுக்கும் இதுதான் முதல் காகிதம். மகளின் பள்ளி இடம், அரசு மருத்துவ அட்டை, எந்த ஆரம்ப சுகாதார நிலையம் உங்களுக்கு என்பது, எல்லாம் இதிலிருந்துதான். நாட்டுக்குள் வந்த ஒரு மாதத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டிய வெளிநாட்டவர் அட்டைக்கும் பெரும்பாலும் இதைக் கேட்பார்கள்.

தொல்லை எங்கே என்றால் வாடகை ஒப்பந்தம் இரண்டு வகை. ஒன்று நிரந்தரக் குடியிருப்புக்கானது. ஐந்து வருடம் வரை உங்களைக் காலி செய்யச் சொல்வது வீட்டுக்காரருக்குக் கடினம், வீட்டுக்காரர் ஒரு நிறுவனமாக இருந்தால் ஏழு வருடம். நீங்களோ ஆறு மாதம் கழித்து, முப்பது நாள் முன்கூட்டிச் சொல்லிவிட்டு வெளியேறலாம். சட்டப்படி முன்பணம் ஒரு மாதம், அதற்கு மேல் கூடுதல் உத்தரவாதம் கேட்டால் அதிகபட்சம் இரண்டு மாதம். 2023 மே மாதச் சட்டத்தின்படி ஏஜென்ட் கமிஷனை வீட்டுக்காரர்தான் கொடுக்க வேண்டும். 2024 மார்ச்சிலிருந்து பார்சலோனாவில் இந்த வகை வாடகைக்கு உச்சவரம்பும் வந்தது.

இரண்டாவது வகை தெம்பொராதா, பதினோரு மாதம் போன்ற தற்காலிக ஒப்பந்தம். உச்சவரம்பு வந்ததும் வீட்டுக்காரர்கள் நிறையப் பேர் இந்தப் பக்கம் சாய்ந்துவிட்டார்கள். மேஜை நாற்காலி போட்டு, வாடகையை ஏற்றி, முன்பணம் இரண்டு மாதம் வாங்கி, கமிஷனையும் குடிவருகிறவர் தலையில் கட்டினார்கள். அதோடு "பத்ரோன் மட்டும் வேண்டாம்" என்பார்கள். எங்கே வசிக்கிறீர்களோ அங்கே பதிவு செய்வது சட்டப்படி உங்கள் உரிமை, அதை வீட்டுக்காரர் தடுக்க முடியாது. ஆனால் புது ஊரில் முதல் மாதமே வீட்டுக்காரரோடு மல்லுக்கு நிற்க யாருக்குத் தெம்பு இருக்கும்? கையெழுத்துக்கு முன்பே "பத்ரோனுக்குச் சம்மதம்" என்று ஒரு வரியை மின்னஞ்சலில் வாங்கிக்கொள்ளுங்கள். வாடகைச் சட்டங்களை இங்கே அடிக்கடி திருத்துகிறார்கள், எனவே ஒப்பந்தத்தைக் கம்பெனியின் வக்கீலிடம் ஒருமுறை காட்டுவதும் நல்லது.

பள்ளிக்கூடம். மூன்று வயதிலிருந்தே அரசுப் பள்ளியில் சேர்க்கலாம், ஃபீஸ் கிடையாது. முன்பதிவு வசந்த காலத்தில் முடிந்துவிடும், வீட்டுக்கு அருகில் இருப்பவர்களுக்கு அதிக மதிப்பெண். செப்டம்பரில் வருகிறவருக்கு எங்கே காலி இடம் இருக்கிறதோ அங்கேதான் கிடைக்கும். ஆசைப்பட்ட பள்ளிக்குப் பக்கத்தில் வீடு எடுத்துவிட்டு, இடம் இரண்டு கிலோமீட்டர் தள்ளிக் கிடைத்தால் அழக்கூடாது. பாடமொழி காத்தலான், காத்தலோனியாவின் சொந்த மொழி. ஸ்பானிஷ் படித்துவிட்டு வருகிறோமே என்று பயப்பட வேண்டாம். என் மகன் இங்கே வந்து ஆறே மாதத்தில் தூக்கத்தில் காத்தலானில் பேச ஆரம்பித்தான். என்ன கனவு கண்டான் என்று கேட்டு மொழிபெயர்த்துக்கொள்ள வேண்டியிருந்தது எங்களுக்குத்தான்.

ஆக, நான் சொல்லும் வழி இது. கம்பெனியிடம் பேசி ஒரு மாதத்துக்குத் தங்கும் இடம் வாங்குங்கள், முடிந்தால் நீங்கள் மட்டும் மூன்று நான்கு வாரம் முன்னால் வாருங்கள். செப்டம்பரில் மாணவர்கள் படையெடுப்பார்கள், வீடு தேட ஆண்டிலேயே மோசமான மாதம் அதுதான். ஆகஸ்டில் பாதி ஏஜென்ட்கள் விடுமுறையில் போய்விடுவார்கள், ஆனாலும் போட்டி குறைவு. ஸ்பெயினில் சம்பளச் சீட்டு இல்லாதவருக்கு வீடு தரத் தயங்குவார்கள். நியமனக் கடிதத்தில் ஆண்டுச் சம்பளமும் நிரந்தர வேலை என்பதும் தெளிவாக இருக்கட்டும், ஸ்பானிஷில் ஒரு பிரதியும் கேளுங்கள். வாடகை சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போனால் பலர் கதவைச் சாத்திவிடுவார்கள். வீட்டைக் காட்டாமல் பணம் கேட்பவர் யாராக இருந்தாலும், சாவியை கூரியரில் அனுப்புகிறேன் என்றாலும், திருடன் என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

2024-ல் நகரத்தில் கையெழுத்தான ஒப்பந்தங்களின் சராசரி வாடகை மாதம் 1,100 யூரோவைத் தாண்டியது. 1,500 கையில் இருக்கிறதே என்று தோன்றும். அந்தச் சராசரியில் பழைய நகரத்துப் பொந்து வீடுகளும் அடக்கம் என்பதை மறக்க வேண்டாம்.

வீடு பார்க்கப் போனால் ஹாலைப் பார்க்காதீர்கள், அது எப்படியும் அழகாகத்தான் இருக்கும். அலமாரியைச் சுவரிலிருந்து கொஞ்சம் நகர்த்திப் பின்னால் பாருங்கள். கடல் ஈரத்தில் கரும்பூஞ்சை அங்கேதான் குடியிருக்கும். ஒரே ஒரு மூலையில் மட்டும் புதிதாக வெள்ளையடித்திருந்தால் அந்த மூலையை விரலால் தட்டிப் பாருங்கள். ஜன்னல் கண்ணாடி ஒற்றையா இரட்டையா? கோவைக் குளிர் பழகியவன் என்று நினைக்காதீர்கள். ஜனவரியில் வெளியே பத்து டிகிரிதான், ஆனால் ஹீட்டிங் இல்லாத பழைய வீட்டுக்குள் எலும்புக்குள் போகும் ஈரக் குளிர்.

அடுத்து சமையலறை. குழாய் காஸா, மின்சார அடுப்பா, சிலிண்டரா? இங்கே சிலிண்டர் ஆரஞ்சு நிறம், உள்ளே பன்னிரண்டரை கிலோ காஸ். வண்டிக்காரர் தெருவில் சிலிண்டரைக் கம்பியால் டங் டங் என்று தட்டிக்கொண்டே "புத்தானோ" என்று கத்துவார். பெரும்பாலும் பாகிஸ்தான்காரராக இருப்பார், இந்தியில் ஒரு வார்த்தை பேசினால் முகம் மலரும். இண்டக்‌ஷன் அடுப்பு என்றால் உங்கள் அலுமினிய இட்லிச் சட்டி வேலைக்கு ஆகாது, இரும்பு தோசைக்கல் தப்பித்துவிடும். ஒப்பந்த மின்திறன் எவ்வளவு என்றும் கேளுங்கள். சின்ன வீடுகளில் 3.45 கிலோவாட்தான் இருக்கும். ஏசி, வாஷிங் மெஷின், ஓவன் மூன்றும் ஓடும்போது யாராவது கீசரைத் தட்டினால் வீடே இருண்டுவிடும். நம் கிரைண்டர் இங்குள்ள மின்சாரத்தில் ஓடும், பிளக்குக்கு மட்டும் அடாப்டர் வேண்டும். மரத்தரை வீட்டில் ராத்திரி பத்து மணிக்கு மேல் மாவாட்டினால் கீழ்வீட்டுக்காரர் அடுத்த நாள் பேசமாட்டார். கிரைண்டருக்கு அடியில் தடித்த ரப்பர் பாய் ஒன்று போடுங்கள்.

பாதுகாப்பு பற்றி ஒரு வரி: பழைய நகரத்திலும் மெட்ரோவிலும் போன், பர்ஸ் திருட்டு அதிகம், மேஜையில் போனை வைக்காதீர்கள். க்ளோட், சந்த் அந்த்ரேவ் பக்கம் இரவு பதினோரு மணிக்கு என் மனைவி தனியாக நடந்து வருவார், நான் கவலைப்பட்டதில்லை.

மளிகைக்கு வருவோம். தென்னிந்தியக் கடை என்று பெயர்ப்பலகை தேடாதீர்கள். ரவால் பகுதியில் ஓஸ்பிதால் தெரு, சந்த் பாவ் தெரு இரண்டிலும் வரிசையாகப் பாகிஸ்தான், வங்கதேசத்துக்காரர் கடைகள். கறிவேப்பிலை, முருங்கைக்காய், புளி, பெருங்காயம் எல்லாம் உண்டு. உளுந்து என்றாலோ உரத் என்றாலோ சில கடையில் விழிப்பார்கள், "மாஷ் தால்" என்று கேளுங்கள். எல்1-ன் ஒரு கோடியில் ஃபோந்தோ என்ற நிறுத்தம், அங்கேயும் இதே சாமான் கிடைக்கும். க்ளோட்டிலோ சந்த் அந்த்ரேவிலோ இருந்தால் ஒரே சிவப்பு லைனில் இந்தப் பக்கம் ஆபீஸ், அந்தப் பக்கம் கறிவேப்பிலை. நான் அந்த ஏரியாக்களைச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம், ஒத்துக்கொள்கிறேன். இட்லி அரிசி எல்லா வாரமும் இருக்காது. சூப்பர்மார்க்கெட்டில் "வபொரிசாதோ" என்று எழுதிய பாக்கெட் புழுங்கல் அரிசிதான், அதில் இட்லி நன்றாகவே வரும். இங்குள்ள ஏப்ரோ டெல்டா உருண்டை அரிசியில் முயன்றால் களியாகிவிடும். ஆனால் அது தயிர் சாதத்துக்கு அருமை. கறிவேப்பிலைச் செடியைப் பெட்டியில் மறைத்துக் கொண்டுவர வேண்டாம், சான்றிதழ் இல்லாத செடி கொடிகளை விமான நிலையத்தில் பிடுங்கிக்கொள்வார்கள்.

இரண்டு மூன்று வீடுகளாகச் சுருங்கிய பிறகு எனக்குத் தெருப் பெயரும் கட்டட எண்ணும் அனுப்புங்கள். ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரி பதினோரு மணிக்கு அந்தப் பக்கம் போய் பத்து நிமிடம் நின்று பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.